கூப்பிடாமல் வந்த நண்டு

சிங்கப்பூரில், பாசிர் ரிஸ் பண்ணைகளுக்குப் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் நாற்பது கடல்நீர்த் தொட்டிகள். அவற்றை வைத்திருந்தவர் பூங்கோதை. வயது முப்பத்து நான்கு.

பவளமும் கடல்மீனும் விற்பது அவர் தொழில். ஆனால் அவரிடம் எதையும் சட்டென்று வாங்கிவிட முடியாது. "இந்த மீன் வேணும்" என்று யாராவது கைகாட்டினால், ஒரு முக்காலியை இழுத்துப் போடுவார். "அரை மணி நேரம் பாருங்க. அப்புறமும் வேணும்னா கேளுங்க" என்பார். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். மீதிப் பேர் சனிக்கிழமைதோறும் வரத் தொடங்கினார்கள். யாரோ விளையாட்டாக 'டீச்சர்' என்று கூப்பிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அப்படி வந்தவர்களில் மூத்தவர் நல்லதம்பி. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது. மீன் வளர்க்க வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வீட்டிலிருந்த மீன்தொட்டி அவருடைய ஒரே மகன் கபிலனுடையது. கபிலன் வீட்டை விட்டுப் போனபோது தொட்டியைக் கொண்டுபோகவில்லை. கண்ணாடியின் ஓரத்தில் பூங்கோதையின் தொலைபேசி எண் ஒட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நல்லதம்பி முதல்முறை வந்தார்.

"என் மகன் விட்டுட்டுப் போன தொட்டி. ஒண்ணும் சாகக்கூடாது," என்றார். "அவன் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும்."

"கபிலனோட அப்பாவா?"

"ஆமா. அவனைத் தெரியுமா?"

"இதே முக்காலிலதான் உக்காந்திருப்பாரு."

நல்லதம்பிக்கு மேலே கேட்க வேண்டும் போலிருந்தது. அவன் இப்போதும் பேசுகிறானா, என்ன பேசுகிறான் என்று நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீருக்கு எவ்வளவு உப்பு போட வேண்டும் என்று கேட்டார்.

டீச்சர் உப்பின் அளவைச் சொன்னார்.

அதன்பின் இரண்டு வருடம் நல்லதம்பி வந்துகொண்டிருந்தார். கபிலன் எடுத்த தொட்டியின் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தார். நத்தை ஏதாவது ஒரு சிறு கல்லை உருட்டிவிட்டால், படத்தைப் பார்த்து அதை இருந்த இடத்திலேயே திருப்பி வைப்பார். நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு கிளைப்பவளம் இருந்தது. கபிலனுக்கு அதுதான் உயிர். வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் அதன் முன்னால்தான் நிற்பான்.

*

ஒரு சனிக்கிழமை நல்லதம்பி ஒரு ஊறுகாய் பாட்டிலோடு வந்தார். உள்ளே செத்த நண்டு ஒன்று. சுண்டுவிரல் நகம் அளவு.

"திருட்டு நண்டு, டீச்சர். பவளத்துக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு. இடுக்கியால இழுத்துப் போட்டேன். இது கெட்டதுதானே?"

டீச்சர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"இளஞ்சிவப்புப் பவளத்துக் கிளைகளுக்கு நடுவுல."

"என்ன சாப்பிட்டுட்டு இருந்துச்சு?"

"பார்க்கல."

"எத்தனை நாளா இருந்துச்சு?"

"தெரியல. அன்னிக்குத்தான் கண்ல பட்டுச்சு. பட்ட உடனே..." அவர் நிறுத்திக்கொண்டார். "யாரும் கூப்பிடாம வந்தது, டீச்சர்."

டீச்சர் நண்டைத் தன் உள்ளங்கையில் கவிழ்த்தார்.

"தொட்டுப் பாருங்க. முதுகு வழவழன்னு இருக்கு. முடி கிடையாது. கொடுக்கு நுனி கறுப்பு இல்லை. இந்த நண்டு அந்த மாதிரிப் பவளத்துலதான் வாழும். பவளம் கசியவிடுற கோழையைத்தான் தின்னும். கிளைகளுக்கு நடுவுல தூசி விழுந்தா தள்ளிவிடும். நட்சத்திரமீன் பவளத்தைத் தின்ன வந்தா, இத்தனூண்டு இருந்துகிட்டு அதோட காலைக் கிள்ளி விரட்டும்."

நல்லதம்பி காலிப் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார்.

"அந்தப் பவளத்தை உங்க மகன் என்கிட்டதான் வாங்கினாரு. இது அப்பவே அதுக்குள்ள இருந்துச்சு. நான்தான் காட்டினேன். 'ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா'ன்னு சிரிச்சாரு."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

நல்லதம்பி நண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னொண்ணு கிடைக்குமா?" என்றார்.

"தனியா விக்கமாட்டாங்க. பவளத்தோட வந்தாத்தான் உண்டு."

"அப்ப நான் என்ன செய்யறது?"

டீச்சர் மேசையைத் திறந்து ஒரு டார்ச் விளக்கையும் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒரு துண்டையும் எடுத்தார். தாளை விளக்கின் முகத்தில் ரப்பர் வளையத்தால் கட்டினார்.

"சிவப்பு வெளிச்சம் நண்டு கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் தொட்டி விளக்கு அணைஞ்சதும் அரை மணி நேரம் உக்காந்து பாருங்க. எதையும் தொடாதீங்க."

"என்ன தேடணும்?"

"தேடாதீங்க. பாருங்க."

*

பத்து நாளில் பவளம் வாடத் தொடங்கியது. கிளைகளின் அடியில் மணலும் மீன் எச்சமும் படிந்தன. படிந்த இடத்தில் தோல் வெளுத்து உரிந்தது.

டீச்சர் அவருக்கு ரப்பர் பந்து வைத்த ஒரு நீண்ட குழாயைக் கொடுத்தார். அதைத் தண்ணீருக்குள் விட்டுப் பந்தை அழுத்தினால் கிளைகளுக்கிடையே நீர் பீறிட்டு அழுக்கைக் கிளப்பும்.

"எத்தனை தடவை?"

"நண்டு இருந்திருந்தா நாள் முழுக்கச் செஞ்சிருக்கும். உங்களால எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை."

நல்லதம்பி நாளுக்கு ஐந்து தடவை செய்தார். பவளம் தொட்டியின் நடுவில், ஆழத்தில் இருந்ததால் ஒரு முக்காலியில் மண்டியிட்டு, தோள்வரை தண்ணீரில் கையை விட வேண்டியிருந்தது. வெகுநாள் பாரந்தூக்கியின் கூண்டுக்குள் மடங்கி உட்கார்ந்தே கெட்டுப்போன முழங்கால்கள் அவருடையவை. ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். வெளுப்பு பரவுவது மெல்ல நின்றது. ஆனால் ஒருநாள் விட்டாலும் மறுநாள் தெரிந்தது. அதன்பின் அவர் ஒருநாளும் வெளியூர் போகவில்லை. தங்கை மகள் கல்யாணத்துக்கு, பாலம் தாண்டினால் வரும் ஜொகூருக்குக் கூடப் போகவில்லை.

சாயங்காலம் விளக்கு அணைந்ததும் சிவப்பு டார்ச்சோடு உட்காருவார்.

அந்த அரை மணி நேரத்தில் இரண்டு வருடமாகப் பார்க்காதவற்றைப் பார்த்தார். மயிரிழை போன்ற கைகளால் தண்ணீரைத் துழாவும் புழுக்கள். விசிறியை விரித்து விரித்து மடக்கும் ஒரு தட்டை நண்டு. அதுவும் கூப்பிடாமல் வந்ததுதான். அவர் தொடவில்லை. இத்தனை பேர் இத்தனை நாள் இந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் பின்பாறையின் பொந்திலிருந்து வேறொன்று வந்தது. கோழிமுட்டை அகலம். காலெல்லாம் முடி. கொடுக்குகளின் நுனி கரியில் தோய்த்தது போல் கறுப்பு. அது ஒரு நத்தையைப் பிடித்துப் புரட்டி, ஓட்டின் விளிம்பை மெதுவாக, அவசரமில்லாமல், உடைத்துக்கொண்டே வந்தது. ஓடு நொறுங்கும் சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்டது.

நல்லதம்பி எதையும் தொடவில்லை.

*

மூன்று வாரம் கழித்துத்தான் டீச்சரிடம் சொன்னார்.

அன்று கொட்டகையில் இன்னொருவரும் இருந்தார். வங்கியில் வேலை செய்யும் முபாரக். அவர் தொட்டியிலும் ஒரு நண்டு வந்திருந்தது. "பாறையை வெளிய எடுத்துப் பொந்துல சோடா ஊத்தினா நண்டு ஓடி வந்துடுமாமே, டீச்சர்?" என்று கேட்டார்.

"வரும். கூடவே புழு வரும், இறால் வரும், நட்சத்திரமீன் குஞ்சு வரும். நண்டு மட்டும்தான் குற்றவாளின்னு சோடாவுக்குத் தெரியாதே."

முபாரக் சிரித்துவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தார். டீச்சர் நல்லதம்பி பக்கம் திரும்பினார்.

"முடி இருக்கா?"

"காலெல்லாம்."

"கொடுக்கு?"

"நுனி கறுப்பு. ரெண்டும்."

"என்ன சாப்பிடுது?"

"பதினோரு நத்தை போயிடுச்சு. போன செவ்வாய்க்கிழமைலேருந்து பவளத்துக்கு வருது. வலதுபக்கக் கிளையோட நுனியைக் கிள்ளித் தின்னுது. விளக்கு அணைஞ்சு பத்து நிமிஷத்துல வரும். முதல்ல இடது கொடுக்கைத்தான் வெளிய நீட்டும். அதுல ஒரு விரல் பாதி உடைஞ்சிருக்கு."

"நல்லாப் பார்த்திருக்கீங்க."

"ஆமா."

"அப்புறம் ஏன் இன்னும் எடுக்கல?"

நல்லதம்பி தரையைப் பார்த்தார். "ஒருதடவை அவசரப்பட்டேன், டீச்சர். அதுக்கப்புறம் கை போகல."

டீச்சர் உள்ளே போய் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கழுவி எடுத்து வந்தார். தேநீர் குடிக்கும் சாதாரணத் தம்ளர்.

"இதுக்குள்ள ஒரு துண்டு இறால் போடுங்க. பொந்து வாசல்ல, வாய் மேல பார்க்கிற மாதிரி, பாறைமேல சாய்ச்சு வைங்க. பாறை வழியா ஏறி உள்ள விழும். கண்ணாடி வழுக்கும். வெளிய ஏற முடியாது."

"புடிச்ச பிறகு?"

"இங்க கொண்டு வாங்க. உயிரோட."

*

மறுவாரம் நல்லதம்பி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கொட்டகையில் வேறு யாரும் இல்லை. மூடியைத் திறந்ததும் நண்டு இரண்டு கொடுக்கையும் உயர்த்தியது.

டீச்சர் அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே பவளம் இல்லாத, மீன் இல்லாத ஒரு நீளத் தொட்டி இருந்தது. உடைந்த பாறைகளும் ஓட்டுச்சில்லுகளும் மட்டும். டீச்சர் டப்பாவைத் தண்ணீருக்குள் மெல்லச் சாய்த்தார். நண்டு ஓடி ஒரு ஓட்டுக்கடியில் நுழைந்தது. அப்போதுதான் நல்லதம்பி கவனித்தார். ஒவ்வொரு ஓட்டுக்கடியிலும் ஒரு ஜோடிக் கண்.

"இதெல்லாம் என்ன, டீச்சர்?"

"ஆளாளுக்கு வேண்டாம்னு கொண்டு வந்து விட்டது."

"எல்லாம் கெட்ட நண்டா?"

"பவளத் தொட்டியில கெட்டது. இங்க வெறும் நண்டு."

டீச்சர் ஒரு கைப்பிடி உறைந்த இறாலை எடுத்துத் தண்ணீரில் போட்டார். கண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உடைந்த விரலுள்ள இடது கொடுக்கும் மெதுவாக நீண்டது. ஒரு துண்டைப் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டது.

நல்லதம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

"கபிலன் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தான், டீச்சர். என்கிட்டச் சொல்லாம. அந்தப் பொண்ணு பேரு மாரிசெல். பிலிப்பீன்ஸ்காரி. ஆஸ்பத்திரியில நர்ஸ். ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னா. நான் அவளைப் பார்க்கல. அவனைத்தான் பார்த்தேன். 'யாரைக் கேட்டு இவ இங்க வந்தா?'ன்னு கேட்டேன்."

டீச்சர் தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடினார். கொட்டகையில் தண்ணீர் ஓடும் சத்தம் குறைந்தது.

"அவனுக்குப் பதினாலு வயசுல அவங்கம்மா போயிட்டா. அதுக்கப்புறம் அந்த வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். மூணாவதா ஒரு தட்டு வெச்சதில்ல. அவ இருபத்தாறு நாள் இருந்தா. நான் அவகிட்ட ஒருவார்த்தை பேசல. ஆனா அவ காதுபட அவளைப் பத்தித் தினமும் கபிலன்கிட்டப் பேசினேன். தமிழ்லதானே பேசறோம், அவளுக்கு எங்க புரியப்போகுதுன்னு. என்னென்னமோ சொன்னேன், டீச்சர். வாய்ல வரக்கூடாததெல்லாம் சொன்னேன்."

"அவங்க என்ன சாப்பிடுவாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"யாரு?"

"மாரிசெல்."



"தெரியாது. அவ சாப்பிட்டு நான் பார்த்ததில்ல. நான் அறைக்குள்ள போனப்புறம்தான் சாப்பிடுவா போல."

தொட்டிக்குள் இரண்டு நண்டுகள் ஒரே துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன.

"இருபத்தாறாவது நாள் கிளம்பிட்டாங்க. ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கு. கபிலன் என் முகத்தைப் பார்க்காம லிஃப்டுக்குப் போயிட்டான். அவ மட்டும் திரும்பி வந்தா. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தா. எனக்கு முன்னால நின்னு, 'போயிட்டு வர்றேன், அப்பா'ன்னா."

"தமிழ்லயா?"

"தமிழ்ல. சுத்தமா. அவன் கல்யாணத்துக்கு ஒரு வருஷத்துக்கு முன்னாலருந்தே சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கான். எனக்காக." நல்லதம்பி கண்ணாடியின் மேல் கையை வைத்தார். "அத்தனை நாளும் அவளுக்கு எல்லாம் புரிஞ்சிருக்கு, டீச்சர்."

டீச்சர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். நல்லதம்பி உட்கார்ந்தார். கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டார். அவர் இரண்டு வருடமாகக் கேட்க வந்து கேட்காமல் போன கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

"அவன் உங்ககிட்டப் பேசறானா?"

"மாசத்துக்கு ஒருதடவை."



"என்ன கேப்பான்?"

"பவளம் எப்படி இருக்குன்னு கேப்பாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் கேக்கமாட்டாரு."

"என்னைப் பத்தி ஒருவார்த்தை..."

"நீங்க என்கிட்ட நண்டைப் பத்தி மட்டும் கேக்கிற மாதிரிதான், அங்கிள்."

வெளியே கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. நல்லதம்பி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

"அந்த நண்டைக் கொன்னதைச் சொன்னீங்களா?"

"வழக்கம்போல பவளத்தைக் கேட்டாரு. சொன்னேன். உங்கப்பா இப்ப தினமும் அஞ்சுதடவை ஊதிவிடறாருன்னும் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் போயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், 'அப்பாவுக்கு முழங்கால் வலிக்குமே'ன்னாரு."

நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் மட்டும் அசைந்தன. டீச்சர் அவரைத் தேற்றவில்லை. வலைக்கரண்டியை எடுத்து அலசினார். துணியை எடுத்து ஒரு கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அவன் திரும்பி வருவானா, டீச்சர்?"

"எனக்குத் தெரியாது."

"ரெண்டு வருஷமா எல்லாத்தையும் அப்படியே வெச்சிருக்கேன். ஒரு கல்லைக்கூட நகர்த்தல. அவன் கதவைத் திறந்து பார்த்தா நேத்துப் போயிட்டு இன்னிக்கு வந்த மாதிரி இருக்கணும்னு."

"பெர்த் இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"அஞ்சு மணி நேரம்." அவர் யோசிக்காமலே சொன்னார். "காலையில ஏழரைக்கு ஒரு விமானம் இருக்கு. சாயங்காலம் ஒண்ணு. அவங்க தெருப் பேருகூடத் தெரியும். போன பொங்கலுக்கு ஒரு அட்டை வந்துச்சு. பேரு போடல. எழுத்து அவனோடது இல்ல. 'பொங்கல்'ல ஒரு புள்ளி விட்டுப்போயிருந்துச்சு."

"பதில் போட்டீங்களா?"

"எழுதிக் கிழிச்சேன். எழுதிக் கிழிச்சேன். என்னத்தை எழுதறது? நேர்ல போய் அவ முன்னால நின்னாத்தான் சரியா இருக்கும்."

"போகலையே."

"எப்படிப் போறது, டீச்சர்? பவளத்துக்கு அஞ்சுதடவை ஊதணும். தண்ணி தினமும் ரெண்டு விரக்கடை வத்துது, நல்ல தண்ணி ஊத்தணும். மீனுக்குக் காலையில ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை. ஒருநாள் விட்டா மறுநாளே வெளுத்துடும். அவன் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். இதையும் சாகவிட்டுட்டு அவன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

டீச்சர் துணியைக் கொடியில் போட்டார். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் நீட்டினார்.

"வீட்டுச் சாவியைக் குடுங்க, அங்கிள்."